கைக்குழந்தை கணக்கில் வருமா

கதவைத் திறக்க முடியாதே, மெஹர். சாவி அத்தையிடம் இருக்கிறது. மகளுக்கு மக்ரூன் இனிப்பு வாங்கிவரக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார்கள், இப்போது வந்துவிடுவார்கள். நாளைக் காலை நாகர்கோவிலுக்குப் புறப்படுகிறார்கள் இல்லையா, அதற்குத்தான். என் நாத்தனார் பெல்சியா ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். அத்தைக்கு இனி ஒரு மாதம் அங்கேதான். நீங்கள் அந்தப் படியிலேயே உட்காருங்கள். எதிர்வீட்டுக்காரர்கள் மஸ்கட்டில் இருக்கிறார்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தண்ணீர் தரட்டுமா? டம்ளர் கம்பிக்குள் நுழையும், பார்த்துவிட்டேன்.

ஐயோ, இல்லை இல்லை, என்னை யாரும் பூட்டிவைக்கவில்லை. உங்கள் முகம் போகிற போக்கே சரியில்லையே! கிரில் கேட்டை வெளியிலிருந்து பூட்டச் சொன்னதே நான்தான். கொரியர்காரர்கள் தொல்லை, நேரங்காலம் இல்லாமல் பெல் அடிக்கிறார்கள். அத்தைகூடத் திட்டினார்கள். "ஏம்மா ஜெனிட்டா, தீ கீ பிடிச்சா எப்படி வெளிய வருவ? நாலு பேரு என்னையத்தான மாமியார்க்காரி கொடுமைன்னு பேசுவாங்க?" என்றார்கள். நான் கேட்கவில்லை. பூட்டியிருந்தால் ஒரு நிம்மதி.

புத்தகங்களைத் தந்துவிடுகிறேன், அத்தை வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்தாருங்கள், முதலாவது. இரண்டாவது. மூன்றாவதையும் கொஞ்சம் சாய்த்தால் வந்துவிடும். நாலாவது வராது. புத்தகங்களும் பிள்ளை பெற்றவர்களைப் போலத்தான், வருஷத்துக்கு வருஷம் பருத்துக்கொண்டே போகின்றன. மிச்சத்தைக் கேட் திறந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை பேசிக்கொண்டிருக்கலாம். பஸ்ஸுக்கு அவசரம் இல்லையே?

அந்த முதல் புத்தகத்தின் பழுப்பு அட்டையைப் பிரிக்காதீர்கள். அது ஒன்பதாம் வகுப்பில் நான் போட்டது. லேபிளில் 'மாரல் சயின்ஸ்' என்று எழுதியிருக்கும். கான்வென்ட்டில் கதைப் புத்தகம் கொண்டுவரக் கூடாது. சிஸ்டர் கொன்சாகா ஒருநாள் அசெம்பிளியில் என்னை முன்னால் நிறுத்தி, சாப்பாட்டு நேரத்தில்கூட மாரல் சயின்ஸ் படிக்கிற பிள்ளை என்று கைதட்டச் சொன்னார். கைதட்டிய பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தப் புத்தகத்துக்கு என்னிடம் வரிசையில் நின்றவர்கள்.

ஒன்று கேட்க வேண்டும் என்று மெஸேஜில் போட்டிருந்தீர்களே. கேட்கலாம். முதலில் நான் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோகும். இப்போதெல்லாம் மறதி. பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்கிறார்கள். எதைச் சொன்னாலும் பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்கிறார்கள்.

ஏழாவது புத்தகம் இந்த வீட்டில் இருக்கக் கூடாது. அதனால்தான் முழு வரிசையையும் சும்மா தருகிறேன் என்று நம் வாசகர் குழுவில் போட்டேன். பதினோரு வருஷம் காத்திருந்த புத்தகம், மெஹர். கடைசியில் அந்த எழுத்தாளர் அம்மா கதாநாயகி வெரிலை இப்படியா கொண்டுபோய் விடுவது? என் விமர்சனத்தைப் படித்தீர்கள்தானே? கொஞ்சம் கோபமாகத்தான் எழுதிவிட்டேன். கீழே பத்துப் பேர் 'எந்தப் பதிப்பு இது?' என்று கிண்டல் செய்திருந்தார்கள். செய்துகொள்ளட்டும். அவர்களுக்கு என்ன, நாளைக்குத் தனியாக இருக்கப்போவது நான்தானே.

தனியாக என்றால், பாப்பாவோடு. என் வீட்டுக்காரர் பிரிட்டோ காலையில் துறைமுகத்துக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார், கப்பல் வந்து நின்றால் அதுவும் இல்லை. பாளையங்கோட்டையிலிருந்து அம்மாவால் வர முடியாது, அப்பாவுக்கு டயாலிசிஸ். ஆகவே நானும் இவளும். அதில் ஒன்றும் பயமில்லை. எல்லாப் பெண்களும் இருக்கிறார்கள். என்னுடைய கேள்வியே வேறு. அது புத்தகத்தைப் பற்றியது.

மூட்டம் தனியாக இருப்பவர்களைத்தான் எடுக்கும். இது முதல் புத்தகத்திலேயே வருகிற சட்டம், உங்களுக்குத் தெரியாததா? கடலிலிருந்து சாயங்காலம் வெள்ளையாக ஏறிவரும், தெருவில் யார் தனியாக நிற்கிறார்களோ அவர்கள் காலையில் இருக்க மாட்டார்கள். அதனால்தான் அந்த ஊரில் எல்லோரும் ஜோடி ஜோடியாகத் திரிவார்கள். பிடிக்காதவனோடுகூடக் கைகோத்துக்கொண்டு நடப்பார்கள். தோணிக்காரப் பெண் வெரில் மட்டும்தான் எப்போதும் தனியாகத் திரிவாள், அவளோடு அந்தக் கொக்கு, பிஷப். அதன் வாய்த் துடுக்கு இருக்கிறதே! அவளையே சுற்றிவருகிற தோபன் மூன்றாம் புத்தகத்தில்தானே வருகிறான்.

சரி, யார் தனி? அதை அந்த அம்மா எங்கேயாவது சொன்னாரா? நான் கணக்குப் போட்டுவைத்திருக்கிறேன். இரண்டாம் புத்தகத்தில் ஒரு மீனவனும் அவன் நாயும். மூட்டம் எடுத்துக்கொண்டது. ஆகவே நாய் கணக்கில் இல்லை. நாலாம் புத்தகத்தில் கண் தெரியாத கிழவர், பேசுகிற கிளி. கிழவரும் போனார், கிளியும் போனது. ஐந்தாம் புத்தகத்தில் ரொட்டிக்காரி, நிறைமாதம். அவளும் போய்விட்டாள். ஆகவே வயிற்றுப் பிள்ளை கணக்கில் இல்லை. எல்லாம் சரி. கைக்குழந்தை? கையில் இருக்கிற, பேசாத, தலை நிற்காத குழந்தை? அது ஒரு ஆளா, இல்லையா?

சிரிக்காதீர்கள். பஸ்ஸில் கைக்குழந்தைக்கு டிக்கெட் இல்லை. கோயில் அசன விருந்தில் எல்லோருக்கும் இலை போடுவார்கள், கைக்குழந்தைக்கு இலை கிடையாது. இப்படிப் பார்த்தால் ஆள் இல்லை என்றுதானே ஆகிறது? அப்படியானால் கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கிறவள் தனி. தனியென்றால் மூட்டம் வரும்.

அழுகிறாளா? ஆமாம், எனக்கும் கேட்கிறது. பசி இல்லை, இப்போதுதான் குடித்தாள். இருங்கள், இதோ. தொட்டிலுக்குக் கயிறு கட்டி ஹால் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறேன், பாருங்கள். இங்கே நின்றுகொண்டே ஆட்டலாம். கிட்டே போக வேண்டியதில்லை. பிரிட்டோ பார்த்துவிட்டு, "கப்பலைக் கட்டுற கயிறு மாதிரில்ல இருக்கு" என்றார். நல்ல யோசனைதானே?

இந்த வீட்டில் பாதுகாப்புக்கு நான் செய்ததை யாரும் செய்ததில்லை. பால்கனிக் கதவை நைலான் கயிற்றால் கட்டிவிட்டேன். அரிவாள்மணையைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டேன். அத்தை மீன் வாங்கிவைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினார்கள். பாப்பா தவழ ஆரம்பித்தால் ஆபத்து என்றேன். "ரெண்டு மாசப் புள்ள எங்கம்மா தவழும்? பறந்துதான் போகணும் அருவாமணைக்கு" என்று சிரித்தார்கள். குளிப்பாட்ட வெந்நீர் வைத்தால் நான் அந்த அறைக்கே போவதில்லை. நாளைக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. துடைத்துவிடலாம். ஒரு மாதம் துடைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது, இல்லையா?

போன வாரம் ஒருநாள் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தை சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். நான் மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். நான் எவ்வளவு தூரத்தில் இருக்கிறேனோ அவளுக்கு அவ்வளவு நல்லது, அந்த நேரத்தில் எனக்கு அது அவ்வளவு தெளிவாக இருந்தது. அத்தை மூச்சு வாங்க ஏறிவந்து, "இங்க என்னடி பண்ற? புள்ள கத்துது" என்றார்கள். காற்று வாங்க வந்தேன் என்றேன். அதற்குப் பிறகுதான் கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துப்போகச் சொன்னேன்.

கொரியரா? ஆமாம், கொரியர்காரர்களும்தான்.

நான் எங்கேயோ போய்விட்டேன். ஏழாவது புத்தகம். அது வெளியான அதே வாரம் எனக்குப் பிரசவம். பிரிட்டோ முன்கூட்டியே பதிவு செய்து வாங்கி, ஆஸ்பத்திரி தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். மயக்கம் தெளிந்து கண் திறந்தால் ஒரு பக்கம் பாப்பா, ஒரு பக்கம் புத்தகம். நான் எதைப் பார்த்து முதலில் சிரித்தேன் என்று அம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

ஆனால் படிக்க விட்டால்தானே? "பச்ச உடம்புக்காரி எழுத்தப் பாத்தா கண்ணு அவிஞ்சு போயிரும்" என்று அம்மா புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். பாளையங்கோட்டைக்கு வந்து நாற்பது நாள் தலையில் துணிக்கட்டு, காதில் பஞ்சு, பூண்டுக் குழம்பு, சாம்பிராணிப் புகை. படிக்கக் கூடாது, டிவி கூடாது, அழக் கூடாது. அழுதால் பால் கெட்டுப்போய்ப் பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கும். நான் அழுதால் அம்மா பதறிக்கொண்டு, எனக்கு என்ன என்று கேட்க மாட்டாள், பாப்பாவின் துணியை விரித்துப் பார்ப்பாள்.

அப்போது பிரிட்டோதான் அம்மாவிடம் சொன்னார். "புத்தகத்த என்கிட்ட குடுத்துவிடுங்க அத்தை. நான் படிச்சு தெனம் போன்ல சொல்றேன். காதால கேட்டா கண்ணுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?" அம்மா யோசித்துவிட்டு ஒரு காதுப் பஞ்சை மட்டும் எடுக்கலாம் என்றாள்.

மெஹர், இந்த மனிதர் வாழ்நாளில் கதைப் புத்தகம் தொட்டதில்லை. ஷிப்பிங் கம்பெனியில் வேலை. எழுதுவதெல்லாம், கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது. கதையையும் அப்படித்தான் சொன்னார். "வெரில் கெளம்பியாச்சு. தோபன் கூட இருக்கான். பிஷப் உண்டு. வடக்க போறாங்க. நாளைக்கு மீதி." ஸ்பீக்கரில் போட்டு அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். முதல் நாள் பிஷப் ஒரு கொக்கு என்று தெரிந்ததும் சிலுவை போட்டாள். "ஆயரப் போயி கொக்குன்னு எழுதியிருக்காளே, வெளங்குவாளா?" பத்தாம் நாள் ஆனபோது அம்மாதான் முதலில் போனை எடுத்தாள். "என்ன மாப்ள, அந்தப் புள்ள கரைக்கு வந்துச்சா? வயசுப் புள்ளைய இப்படி கடல்ல அலைய விட்டுருக்கானுவளே, கேக்க நாதியில்லையா? முடிவுலயாவது ஒரு நல்லது நடக்கட்டும், ஆமா. இவ பச்ச உடம்புக்காரி, கெட்டத எதையும் காதுல போட்ராதீங்க."

அப்புறம் மூன்று நாள் அவர் கதை சொல்லவில்லை. கப்பல் நிற்கிறது, வேலை என்றார். நாலாம் நாள் கூப்பிட்டார். "ஜெனி, சாப்பிட்டியா? ஜன்னல் சாத்தியிருக்கா? ஒங்க அம்மா பக்கத்துல இருக்காங்கல்ல?" என்று கேட்டார். பிறகு முடிவைச் சொன்னார்.

"வெரில் ஊருக்குத் திரும்பிட்டா. தோபனுக்கு ஹார்பர்ல வேல கெடச்சிருச்சு. பெர்மனென்ட். கல்யாணம் ஆயிருச்சு. ஒரு பொம்பளப் புள்ள. தோபனோட அம்மாவும் கூடத்தான் இருக்காங்க, நல்லா பாத்துக்கறாங்க. சாயங்காலம் மூட்டம் வந்தா கதவச் சாத்திக்கிட்டு சந்தோஷமா இருக்காங்க. அவ்வளவுதான்."

அம்மா கைதட்டினாள். எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன? முடிஞ்சிருச்சு."

"தோபன் வேலைக்குப் போனா?"

"போவான்ல."

"அவன் அம்மா?"

"அவங்களும் எப்பவாவது எங்கயாவது போவாங்க. மனுஷங்கதான?"

"அப்ப வெரில் தனியா இருப்பாளே, பிரிட்டோ."

"தனியா எங்க இருக்கா? அதான் புள்ள இருக்குல்ல!"

பார்த்தீர்களா? அதான் பிள்ளை இருக்கிறதே. இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அத்தை நாகர்கோவில் போகிறேன் என்றபோது நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் இதையேதான் சொன்னார்கள். "ஒனக்கென்ன, தொணைக்குத்தான் புள்ள இருக்கே." யாருக்கு யார் துணை?

அன்றிலிருந்து எனக்கு அந்த வீடுதான் நினைப்பு. கதவு சாத்தியிருக்கிறது. வெளியில் வெள்ளையாக மூட்டம். உள்ளே வெரில், மடியில் குழந்தை. ஆறு புத்தகம் கடலைக் கலக்கியவள். பிஷப்பைக்கூட அந்த அம்மா என்ன செய்தார் என்று சொல்லவில்லை. அவள் குழந்தையைப் பார்க்கிறாள், தன் கையைப் பார்க்கிறாள். மூட்டம் வெளியில் இருக்கிறதா, ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இதை எழுதத் தெரியாமல் சந்தோஷமாக இருந்தாள் என்று முடித்துவிட்டார் பாருங்கள், அதுதான் என் கோபம். விமர்சனத்தில் இதைத்தான் எழுதினேன். இந்தப் பயமெல்லாம் அந்தப் புத்தகத்தால் வந்தது. அது வெளியே போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும். நீங்கள் இன்றைக்கே எடுத்துப்போனால் நாளைக்கு எனக்கு ஒன்றும் இருக்காது.

என்ன? கேளுங்கள். ஆமாம், கேட்க வேண்டும் என்றீர்களே.

இல்லை, நான் படிக்கவில்லை. முடிவு தெரிந்த பிறகு எதற்கு? பிரிட்டோ பழைய பேப்பர் சுற்றி ஆபீஸ் டேப் ஒட்டித் தந்தார், அப்படியே இருக்கிறது. "இத மொதல்ல யாருக்காவது குடுத்துரு ஜெனி" என்றார். இதோ, இதுதான். செங்கல் கனம்.

எந்தக் கல்யாணமா? தோபனோடுதான். உங்கள் பிரதியில் எப்படி?

தோபன் நடுவிலேயே செத்துவிடுகிறானா?

இருங்கள், மெஹர். ஒரு நிமிஷம். அப்படியானால் தோபனின் அம்மா?

தோபனுக்கு அம்மாவே கிடையாது. ஆமாம். ஆமாம், அவன் அநாதை, மூன்றாம் புத்தகத்தில் வருகிறது! ஐயோ, எனக்கு எப்படி உறைக்காமல் போனது? சிரிப்பு வருகிறது. பெர்மனென்ட் வேலை! அந்த ஊரில் ஏது பெர்மனென்ட் வேலை? கல்யாணத்துக்கு ரிசப்ஷன் உண்டா என்று அம்மா கேட்டாள், "உண்டு அத்தை, சாயங்காலம் ஏழு மணிக்கு" என்றாரே! தோபனின் அம்மா சாளை மீன் குழம்பு வைத்தாள் என்றுகூடச் சொன்னார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கடைசிப் புத்தகத்தில் இந்த அம்மாவுக்கு எழுத்தே மாறிவிட்டது, அவசரத்தில் எழுதியிருக்கிறார் என்று குழுவில் இரண்டு பத்தி எழுதினேன். அது பிரிட்டோவின் எழுத்து, மெஹர்! பிரிட்டோ எழுதிய கதைக்கு நான் இரண்டு நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன்!

சரி, சொல்லுங்கள். உண்மையில் எப்படி முடிகிறது?

வேண்டாம், நானே பார்க்கிறேன். இந்த டேப்பை எத்தனை சுற்றுச் சுற்றியிருக்கிறார் பாருங்கள். கத்தி இல்லை, கத்தியும் பரணில்தான் இருக்கிறது. பல்லால் கடிக்கலாம்.

கடைசி அத்தியாயம். ம். படகு. கரை. பிஷப் இருக்கிறது, நல்லவேளை. எல்லோரும் தூங்குகிறார்கள். வெரில் எழுந்திருக்கிறாள். யாரையும் எழுப்பவில்லை.

யாரையும் எழுப்பவில்லை.

போய்விடுகிறாள். மூட்டத்துக்குள் தானாகவே நடந்துபோய்விடுகிறாள். அங்கே என்ன இருந்தது என்று எழுதவே இல்லை. கொக்கு மட்டும் கரையில் நின்று கத்துகிறது. அவ்வளவுதானா? அடுத்த பக்கம் விளம்பரம்.

நீங்கள் அழுதீர்களா இதற்கு? எத்தனை நாள்?

எனக்கு அழுகை வரவில்லை. எனக்கு அந்த மூன்று நாள்தான் ஞாபகம் வருகிறது. கப்பல் நிற்கிறது என்று சொன்னாரே. கப்பல் எதுவும் நிற்கவில்லை, மெஹர். அவர் இதைப் படித்துவிட்டார். கதைப் புத்தகம் தொடாத மனிதர் இதைப் படித்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார், ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று கேட்டார். அப்போது பாப்பாவுக்கு மூன்று வாரம்கூட ஆகவில்லை. நான் அவரிடம் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடவை, இவளை யாராவது வாங்கிக்கொள்ளுங்களேன், என் கையில் வேண்டாமே என்றேன். அலுப்பில் சொல்கிறேன் என்று நர்ஸ் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பிரிட்டோ சிரித்தாரா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து, கேட்கப் பயந்து, கதையை மாற்றியிருக்கிறார். நான் எங்கே போய்விடுவேனோ என்று வெரிலைப் பிடித்துக்கொண்டுவந்து வீட்டுக்குள் உட்காரவைத்துக் கையில் ஒரு பிள்ளையைக் கொடுத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார். அதுதான் அவருக்குத் தெரிந்த பத்திரமான இடம். பாவம். அவர் சொல்லச் சொல்ல நான் பாளையங்கோட்டையில் பயந்துகொண்டிருந்தேன், மெஹர். அவர் இங்கே ஆபீஸில் உட்கார்ந்து தோபனுக்கு வேலை போட்டுக்கொண்டிருந்தார்.

அப்படியானால் என் கேள்வி? கைக்குழந்தை கணக்கில் வருமா என்பது? அது இந்தப் புத்தகத்திலேயே இல்லையா? ஏழிலும் இல்லை? அந்த அம்மா அப்படி ஒரு வீட்டை எழுதவே இல்லை. அப்படியானால் அந்த வீடு எங்கே இருக்கிறது? இந்தப் பயத்தை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தேன் நான்? நீங்கள் இதைத் தூக்கிக்கொண்டு போனாலும் நாளைக்குக் காலையில் அது இங்கேதான் இருக்குமா?

ஆறாம் புத்தகத்து அக்கா தங்கையா? தெரியும். ஒரே வாசலில் நின்ற இரண்டு பேரையும் மூட்டம் எடுத்துக்கொண்டது. அது அந்த அம்மா செய்த பிழை. இரண்டு பேர் இருந்தால் தனியில்லை என்பதுதானே சட்டம்?

பேசிக்கொள்ளாதவர்கள். ஆமாம். வருஷக்கணக்காகப் பேசாதவர்கள். நீங்கள் அதைப் பிழை என்று நினைக்கவில்லையா?

எனக்குத் தோன்றவில்லை அது. சத்தியமாகத் தோன்றவில்லை. இத்தனை தடவை படித்திருக்கிறேன்.

இருங்கள். செருப்புச் சத்தம். இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்குகிறார்கள், அத்தைதான். எழுந்திருக்காதீர்கள், மெஹர். நான் அவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், நீங்கள் இருந்தால் சொல்லிவிடுவேன். நீங்கள் போய்விட்டால் டீ போடட்டுமா அத்தை என்று கேட்டுவிடுவேன், எனக்குத் தெரியும். அப்படித்தான் பதினைந்து தடவை கேட்டிருக்கிறேன்.

"வாங்க அத்தை. இவங்க மெஹர், புத்தகத்துக்கு வந்திருக்காங்க. ஆமா, அப்போலேர்ந்து படியிலதான் உக்காந்திருக்காங்க. இல்ல அத்தை, கேட்ட அப்புறம் தெறக்கலாம். இருங்க. கேளுங்க. நாளைக்குப் போகாதீங்க.

"டிக்கெட் எடுத்தது தெரியும். பெல்சியா கால் தெரியும். எல்லாம் தெரியும். நாளைக்குப் போகாதீங்க, இல்லன்னா என்னையும் பாப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. பிரிட்டோவுக்கு போன் போடுங்க. எனக்கு ஒரு டாக்டரப் பாக்கணும். காய்ச்சல் இல்ல. பால் இருக்கு. பாப்பா நல்லா இருக்கா, அவளுக்கு ஒண்ணும் இல்ல.

"பயமா இருக்கு அத்தை.

"இல்ல, திருடனுக்கு இல்ல. பேய்க்கும் இல்ல. என்னையப் பாத்துத்தான்."

மெஹர், நான் இதை வாய்விட்டுத்தானே சொன்னேன்? அத்தைக்குக் கேட்டிருக்கும், இல்லையா? ஏன் அவர்கள் மக்ரூன் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு உங்கள் பக்கத்தில் உட்காருகிறார்கள்?